ஒயிட் பேப்பருக்குக் கையெழுத்து வந்த கதை

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாளிடம் வரன் வேண்டி மாலையோடு வருகிறவர்கள் கோயில் பக்கம் திரும்புவார்கள். மனை பார்க்க வருகிறவர்கள் சவுக்குத் தோப்புப் பக்கம் திரும்புவார்கள். மனை பார்க்க வருகிறவர்களில் விவரம் தெரியாதவர்கள் குறைவு. தாய்ப்பத்திரத்தைக் காட்டு என்பார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா என்று ஊரிலிருந்து மாமனார் போன் போட்டுக் கேட்பார். லேஅவுட் விளம்பரப் பலகையில் ரெரா எண் இல்லையென்றால் புரோக்கரின் பேச்சில் அரைவாசியைத் தள்ளிவிடுவார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நிற்கிறது. பதிவு செய்யாமல் விளம்பரமே போடக் கூடாது. வாங்குகிறவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்கிறது அது.

அதே சாலையில் சற்றுத் தெற்கே, மாமல்லபுரத்து நட்சத்திர ஓட்டல் ஒன்றில், 2022ல் ஒரு விழா நடந்தது. கோவையில் தொடங்கப்பட்ட ஒரு கிரிப்டோ கம்பெனியின் விழா. சினிமா நட்சத்திரத்தை அழைத்திருந்தார்கள். பணம் போட்டவர்களில் 100 பேருக்குக் கார் பரிசளித்தார்கள் என்று, பிற்பாடு புதுச்சேரி சைபர் கிரைம் போலீசாரிடம் போன புகார் சொல்கிறது. புகார் கொடுத்தவர் தானும் போட்டு, நண்பர்களையும் போடவைத்தவர். 2025 பிப்ரவரியில் கைதுகள் நடந்தன. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

அந்த விழாவைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. பத்து லட்ச ரூபாய் மனைக்கு வில்லங்கம் கேட்கிற அதே ஆள், பத்து லட்ச ரூபாய் காயினுக்கு எந்தக் காகிதத்தைக் கேட்டிருக்க முடியும்? ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது நமக்குச் சுலபமாக வருகிறது. கேட்பதற்கு ஒரு காகிதம் சட்டத்தில் இருந்தால்தானே கேட்க முடியும்? இது அந்தக் காகிதம் பிறந்த கதை. நம் நாட்டில் அது இன்னும் பிறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிரிப்டோ உலகத்தில் அந்தக் காகிதத்துக்கு ஒயிட் பேப்பர் என்று பேர். எல்லாரும் காட்டுகிற மூலப் பிரதி, 2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் அறிக்கை. மொத்தம் 9 பக்கம். வங்கி நடுவில் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்புவது எப்படி, ஒரே காசை இரண்டு பேருக்குக் கொடுத்து ஏமாற்றுவதைத் தடுப்பது எப்படி என்று விளக்குகிற தொழில்நுட்பக் கட்டுரை. சடோஷி யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஏனென்றால் அந்த 9 பக்கத்தில் எங்கேயும் பணம் கேட்கவில்லை. கணக்குச் சரியா தப்பா என்று படிக்கிறவர்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எழுதியவர் முகத்தைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் கணக்கு மாறாது.

பணம் கேட்கிற ஒயிட் பேப்பர் அதற்குப் பிறகு வந்தது. ஜே. ஆர். வில்லெட் என்ற அமெரிக்க மென்பொருள்காரர் 2012 ஜனவரியில் ‘இரண்டாவது பிட்காயின் ஒயிட் பேப்பர்’ என்று ஒன்றை எழுதினார். பிட்காயினுக்கு மேலே புது நாணயங்களை உருவாக்கலாம், அந்த வேலைக்கு வேண்டிய பணத்தை அந்த நாணயத்தையே முன்கூட்டி விற்றுத் திரட்டலாம் என்பது அவர் யோசனை. அடுத்த வருஷம், 2013 ஜூலை கடைசியில், மாஸ்டர்காயின் என்ற பெயரில் செய்தும் காட்டினார். ஒரு பிட்காயின் முகவரியை அறிவித்தார். அதற்கு ஒரு பிட்காயின் அனுப்பினால் 100 மாஸ்டர்காயின். சீக்கிரம் அனுப்பினால் கூடுதல். எத்தனை வாரம் முந்துகிறீர்களோ அத்தனை பத்து சதவீதம் அதிகம். ஒரு மாதத்தில் ஏறத்தாழ 5,000 பிட்காயின் வந்து சேர்ந்தது. அன்றைய விலையில் 5 லட்சம் டாலர் அளவுக்கு. டோக்கன் விற்றுப் பணம் திரட்டுவது இப்படித்தான் தொடங்கியது.

வில்லெட் ஏமாற்றுக்காரர் இல்லை. சொந்தப் பெயரில் எழுதினார், கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். ஆனாலும் அவர் செய்த ஒரு காரியத்தின் விளைவை நாம் இன்றுவரை அனுபவிக்கிறோம். பணம் கேட்காத ஒரு கட்டுரையின் வடிவத்தை எடுத்து, பணம் கேட்கிற வேலைக்குப் பயன்படுத்தினார். அறிவியல் கட்டுரைக்கு உள்ள மரியாதை முழுக்க விற்பனைக் காகிதத்துக்கு வந்து சேர்ந்தது. சொன்னது பொய்யானால் யார் பொறுப்பு என்ற வரி மட்டும் வரவில்லை. மூலப் பிரதியில் அப்படியொரு வரி இருக்கவில்லையே, எங்கிருந்து வரும்? முந்துகிறவர்களுக்குக் கூடுதல் என்ற பழக்கமும் அன்றே ஒட்டிக்கொண்டது. யோசிக்க நேரம் கொடுக்காதே என்பதுதான் அதன் பொருள்.

எத்தேரியம் அடுத்து வந்தது. விட்டாலிக் புட்டரின் 2013 கடைசியில் ஒயிட் பேப்பர் எழுதினார். 2014 ஜூலை 22 முதல் செப்டம்பர் 2 வரை விற்பனை நடந்தது. 31,000 பிட்காயினுக்கு மேல் திரண்டது. அன்றைய விலையில் சுமார் 180 லட்சம் டாலர். இவர்கள் வக்கீல்களைக் கலந்தார்கள். சுவிட்சர்லாந்தின் ட்ஸுக் நகரத்தில் அறக்கட்டளை நிறுவினார்கள். வாங்குவது பங்கு இல்லை, இந்தக் கணினி வலையமைப்பை ஓட்டுவதற்கான எரிபொருள் என்று எழுதிவைத்தார்கள். சொன்ன மென்பொருளைச் செய்தும் கொடுத்தார்கள். அதனால்தான் அதற்குப் பின்னால் வந்தவர்களை ஜனங்கள் நம்பினார்கள். 2015 கடைசியில் ஈ.ஆர்.சி. 20 என்ற பொது வடிவம் வந்த பிறகு, புது டோக்கன் செய்வதற்குச் சில பத்து வரி நிரல் போதும் என்றானது. 2017ல் வெள்ளம். செய்வது அவ்வளவு சுலபமான பிறகு, ஒரு டோக்கனையும் இன்னொரு டோக்கனையும் பிரித்துக் காட்டுவதற்கு அந்தக் காகிதத்தையும் அதில் இருக்கும் முகங்களையும் விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

அந்த முகங்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சென்ட்ரா டெக் என்ற அமெரிக்கக் கம்பெனி 2017ல் டோக்கன் விற்று 3 கோடி டாலருக்கும் மேலே திரட்டியது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டோடும் ஒப்பந்தம், கிரிப்டோவைக் கடையில் தேய்த்துச் செலவழிக்க டெபிட் கார்டு என்று சொல்லி விற்றார்கள். ஒப்பந்தம் எதுவும் கிடையாது. தலைமை அதிகாரி என்று ஒருவரின் பெயர், படிப்பு, அனுபவம், புகைப்படம் எல்லாம் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு மனிதரே இல்லை. புகைப்படத்தில் இருந்தவர் கனடாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர். தன் முகம் எங்கே விற்பனையாகிறது என்பது அவருக்கே தெரியாது. குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்டு மேவெதரும் இசைத்தயாரிப்பாளர் டிஜே காலிதும் காசு வாங்கிக்கொண்டு, வாங்கியதைச் சொல்லாமல், டோக்கனைப் புகழ்ந்தார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னால் இருவரையும் பிடித்து அபராதம் கட்டவைத்தது. நிறுவனர்களில் ஒருவருக்கு 8 ஆண்டு சிறை. மிராஸ்கி என்ற இன்னொரு டோக்கனை விற்றவர்கள் தங்கள் வடிவமைப்பாளர் என்று போட்ட படம், ஹாலிவுட் நடிகர் ரயன் காஸ்லிங்கினுடையது.

2018 மே மாதம் அமெரிக்க ஆணையமே ஒரு போலி டோக்கன் இணையதளத்தைத் தொடங்கியது. ஹோவிகாயின்ஸ் என்று பேர். சுற்றுலாவுக்கான காயின். ஒயிட் பேப்பர் இருந்தது, பிரபலங்களின் பாராட்டு இருந்தது, ஓடிக்கொண்டே இருக்கிற கடிகாரம் இருந்தது, முந்துகிறவர்களுக்குத் தள்ளுபடி இருந்தது. ‘இப்போதே வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தினால், நீங்கள் ஏமாற இருந்தீர்கள், இந்த இந்த அடையாளத்தைக் கவனித்திருக்க வேண்டும் என்று பாடம் சொல்கிற அரசுப் பக்கத்துக்குப் போகும். ஒரு அரசு அலுவலகம் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்றாக இதை நான் நினைக்கிறேன். மக்களுக்குப் புரிகிற மொழி அறிவிக்கை மொழி இல்லை என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ஹோவி என்ற பெயருக்கு வருவதற்கு முன்னால், கையெழுத்து எங்கே பிறந்தது என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

பொதுமக்களிடம் பங்கு விற்கிற கம்பெனி தன் அறிக்கையை, அதாவது ப்ராஸ்பெக்டஸை, அரசுப் பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற விதியை 1844ல் அங்கே கொண்டுவந்தார்கள். காகிதம் அப்போதே பிறந்துவிட்டது. பொறுப்பு பிறக்க இன்னும் 46 வருஷம் ஆனது. பிளிமத் ஊரில் ஒரு டிராம் கம்பெனி. குதிரை இழுக்கிற டிராம் ஓட்ட அதற்கு உரிமை உண்டு. நீராவியால் ஓட்ட வேண்டுமானால் வர்த்தக வாரியம் அனுமதிக்க வேண்டும். 1883ல் வெளியிட்ட ப்ராஸ்பெக்டஸில், நீராவியால் ஓட்டுவதற்கு எங்களுக்கு உரிமை உண்டு என்றே எழுதிவிட்டார்கள் இயக்குநர்கள். அனுமதி எப்படியும் வந்துவிடும், சும்மா ஒரு சம்பிரதாயம்தானே என்ற நினைப்பு. அனுமதி வரவில்லை. கம்பெனி மூடியது. அந்த வரியை நம்பிப் பங்கு வாங்கிய பீக் என்பவர் இயக்குநர்கள் மேல் வழக்குப் போட்டார். 1889ல் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது: இயக்குநர்கள் தாங்கள் எழுதியதை உண்மை என்று நம்பியிருக்கிறார்கள், கவனக்குறைவு இருக்கலாம், வஞ்சகம் இல்லை, ஆகவே பணம் தர வேண்டியதில்லை.

பணம் போட்டவர்கள் கொதித்துப்போனார்கள். மறு வருஷமே, 1890ல், நாடாளுமன்றம் இயக்குநர் பொறுப்புச் சட்டத்தை இயற்றியது. நம்பினேன் என்று சொன்னால் போதாது, நம்புவதற்கு நியாயமான ஆதாரம் இருந்தது என்று இயக்குநர்தான் காட்ட வேண்டும்; இல்லையென்றால் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். நிரூபிக்கிற சுமை, ஏமாந்தவர் தலையிலிருந்து இறங்கி எழுதியவர் தலைக்குப் போனது. என்னைப் பொறுத்தவரை ப்ராஸ்பெக்டஸ் உண்மையில் பிறந்தது அந்த வருஷம்தான். நம் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தில் 34, 35ஆம் பிரிவுகளாக இன்றும் இருப்பது அதன் வாரிசு: ப்ராஸ்பெக்டஸில் பொய் சொன்னால் சிறையும் உண்டு, நஷ்டஈடும் உண்டு.

காகிதம் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் அதன் பிறகு வேறு வழி பார்த்தார்கள். நாங்கள் விற்பது பங்கே இல்லையே என்றார்கள். ஹோவி அந்த ரகம். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் டபிள்யூ. ஜே. ஹோவி கம்பெனிக்கு ஆரஞ்சுத் தோப்புகள் இருந்தன. அந்த வட்டாரத்திலேயே சொந்தமாக ஒரு உல்லாச ஓட்டலும் இருந்தது. குளிர்காலத்தில் வெயில் காய வந்து தங்குகிற வெளியூர் விருந்தினர்களுக்குத் தோப்பைச் சுற்றிக்காட்டி, வரிசை வரிசையாக மரங்களை விற்றார்கள். பத்திரம் உங்கள் பேரில். மரத்துக்கு உரம் வைப்பது, பழம் பறிப்பது, விற்பது எல்லாம் எங்கள் இன்னொரு கம்பெனி பார்த்துக்கொள்ளும். வருஷா வருஷம் லாபம் உங்களுக்கு. ஆரஞ்சைப் பற்றி ஒன்றும் தெரியாத டாக்டர்களும் வியாபாரிகளும் வாங்கினார்கள். 1946 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு சொன்னது. விற்பதற்கு நிலம் என்று பேர் வைத்தாலும் மரம் என்று பேர் வைத்தாலும் கவலையில்லை. ஒரு பொதுக் காரியத்தில் பணம் போடுகிறார், அடுத்தவர் உழைப்பிலிருந்து லாபம் வரும் என்று எதிர்பார்க்கிறார் என்றால் அது முதலீட்டுப் பத்திரம்தான். அதற்குரிய காகிதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்தக் கதையைச் சென்னையில் சொன்னால் கேட்கிறவர்கள் ஆரஞ்சை மறந்துவிட்டுத் தேக்கு என்பார்கள். 1990களில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அனுபவ் பிளான்டேஷன்ஸ், தேக்குக் கன்றுகளை யூனிட் யூனிட்டாக விற்றது. தோட்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மரம் வளர வளர உங்கள் பணம் வளரும். டிவியில் விளம்பரம், பத்திரிகையில் முழுப் பக்கம். ஓய்வூதியப் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகும் என்று போட்டார்கள். 1998ல் கவிழ்ந்தபோது, 30,000க்கும் மேற்பட்டவர்களின் சுமார் 400 கோடி ரூபாய் உள்ளே இருந்தது. நாடு முழுக்க இதே போல நூற்றுக்கணக்கான தோட்டக் கம்பெனிகள். பெருந்துறையில் 2012ல் கவிழ்ந்த ஈமு பண்ணைகளும் இதே வரிசைதான்; மரத்துக்குப் பதில் பறவை.

அந்தக் காலத்தில் பணத்தைத் தொலைத்தவர்கள் நமக்கு இரண்டு சட்டங்களை விட்டுப்போயிருக்கிறார்கள். ஒன்று, பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடிய காலத்தில் வந்த 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம். வக்கீல்கள் டான்பிட் என்பார்கள். ஏமாற்றிய கம்பெனியின் சொத்தை அரசே முடக்கி, தனி நீதிமன்றம் மூலமாக விற்று, பணம் போட்டவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வழிசெய்தது. உச்ச நீதிமன்றம் 2011ல் அதைச் செல்லும் என்றது. இன்னொன்று மத்தியில் வந்தது. 1999 அக்டோபரில் நம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. செபி சட்டத்தில் 11ஏஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதில் நான்கு அடையாளம் சொல்லப்பட்டிருக்கிறது. பலர் பணம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு திட்டத்துக்குப் போகிறது. லாபமோ விளைச்சலோ சொத்தோ கிடைக்கும் என்று போடுகிறார்கள். அவர்கள் சார்பில் வேறொருவர் நிர்வகிக்கிறார். அன்றாட நிர்வாகத்தில் போட்டவருக்குப் பிடி இல்லை. ஃபுளோரிடா ஓட்டலில் பிறந்த கேள்வி, தேக்கு வழியாக நம் சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

டோக்கனுக்கு அமெரிக்காவில் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 2016ல் தி டாவ் என்ற திட்டம் 15 கோடி டாலர் அளவுக்கு எத்தேரியத்தின் நாணயமான ஈதர் திரட்டியது; ஜூன் மாதமே நிரலில் இருந்த ஓட்டை வழியாக அதில் மூன்றில் ஒரு பங்கை ஒருவர் உருவிக்கொண்டார். 2017 ஜூலை 25 அன்று ஆணையம் அறிக்கை விட்டது: டாவ் டோக்கன் முதலீட்டுப் பத்திரம்தான், ஹோவி விதி இதற்கும் பொருந்தும். அதே வருஷம் செப்டம்பரில் சீனா டோக்கன் விற்பனையையே தடை செய்தது. அமெரிக்க வழியிலும் குறை இருக்கிறது. இ.ஓ.எஸ். என்ற டோக்கனை விற்று 400 கோடி டாலருக்கு மேல் திரட்டிய பிளாக்.ஒன் கம்பெனி, பதிவு செய்யாத குற்றத்துக்கு 2019ல் கட்டியது 2.4 கோடி டாலர். விதியை மதித்தவர்களுக்கு ஆன செலவைப் பாருங்கள்: பிளாக்ஸ்டாக் என்ற சிறு கம்பெனி, ஆணையத்தின் ஒப்புதலோடு டோக்கன் விற்ற முதல் கம்பெனியாக 2019 ஜூலையில் வந்தது; அதற்குப் பத்து மாத காலமும் ஏறக்குறைய 20 லட்சம் டாலரும் ஆயின. நேர்மையாக நடப்பது இவ்வளவு விலை என்றால் எத்தனை பேர் நடப்பார்கள்?

ஐரோப்பா வேறு வழியில் போனது. மைக்கா என்று அழைக்கப்படுகிற 2023ஆம் ஆண்டுச் சட்டம், 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அது பழைய ப்ராஸ்பெக்டஸைக் கொண்டுவந்து டோக்கன் மேல் ஒட்டவில்லை. டோக்கன்காரர்கள் தாங்களே பழகிக்கொண்ட ஒயிட் பேப்பரையே எடுத்துச் சட்ட ஆவணமாக்கியது. விற்பவர் யார், திட்டம் என்ன, வாங்குகிறவருக்கு என்ன உரிமை, தொழில்நுட்பம் எப்படி, என்னென்ன ஆபத்து, மின்சாரமும் சுற்றுச்சூழலும் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மதிப்பு முழுக்கப் போய்விடலாம், வைப்புநிதிக் காப்பீடு கிடையாது என்று பட்டவர்த்தனமாக எழுத வேண்டும். எந்த அரசு அமைப்பும் இதை அங்கீகரிக்கவில்லை, முழுப் பொறுப்பும் விற்பவருடையதே என்றும் எழுத வேண்டும். சொன்னதெல்லாம் உண்மை என்று நிர்வாகக் குழுவின் உறுதிமொழி உள்ளேயே இருக்க வேண்டும். பொய்யானால் நிர்வாகிகளே நஷ்டத்துக்குப் பொறுப்பு. சில்லறை முதலீட்டாளர் 14 நாளுக்குள் மனம் மாறினால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். குறிப்பிட்ட நாளோடு முடிகிற விற்பனை என்றால் திரண்ட பணத்தை வங்கியிடமோ உரிமம் பெற்ற காப்பகத்திடமோ வைக்க வேண்டும். சிறு விற்பனைக்கு, ஆண்டுக்கு 10 லட்சம் யூரோவுக்கு உட்பட்டதற்கு, விலக்கு உண்டு. அரசு முன்கூட்டி ஒப்புதல் தருவதில்லை. காகிதம் அரசிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். வில்லெட் விட்டுப்போன வரி, 2012லிருந்து கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு வருஷம் கழித்து, சேர்ந்துவிட்டது.

இங்கே என்ன நடந்தது? 2018 ஏப்ரலில் திருவிடந்தை கடற்கரையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பிரதமர் 12ஆம் தேதி வந்து தொடங்கிவைத்தார். ஊரே டாங்கிகளையும் ஹெலிகாப்டர்களையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்துக்குச் சற்று முன், ஏப்ரல் 6 அன்று, ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கிரிப்டோ தொடர்பான யாருக்கும் வங்கிகள் சேவை தரக் கூடாது. கதவைச் சாத்துகிற வழி. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வங்கிகளுக்கு இதனால் என்ன கேடு வந்தது என்பதை ரிசர்வ் வங்கி காட்டவில்லை, தடை அளவுக்கு மீறியது என்றது. கதவு திறந்தது. திறந்த கதவில் என்ன காகிதம் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பக்கவாட்டில் வந்தது. 2022 பட்ஜெட் லாபத்துக்கு 30 சதவீத வரி போட்டது, ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் பிடித்தம் செய்யச் சொன்னது, நஷ்டத்தைக் கழிக்கக் கூடாது என்றது. அதே வருஷம் ஏப்ரலிலிருந்து விளம்பரத் தரக் கவுன்சில், கிரிப்டோ விளம்பரங்களில் இது ஒழுங்குபடுத்தப்படாதது, நஷ்டம் வந்தால் முறையிட வழியில்லாமல் போகலாம் என்று எச்சரிக்கை போட வேண்டும் என்றது. அந்த எச்சரிக்கையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். முறையிட இடமில்லை என்று குடிமகனிடம் சொல்லிவிட்டு அவனை உள்ளே விடுகிறோம். 2023 மார்ச் 7 அன்று பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கிரிப்டோ கொண்டுவரப்பட்டது. அந்த அறிவிக்கையில் சொன்ன ஐந்து செயல்களில் கடைசியானது, டோக்கன் வெளியிடுகிறவரின் விற்பனைக்கு நிதிச் சேவை தருவது. ஆக டோக்கன் விற்பனை என்று ஒன்று இருப்பது அரசுக்குத் தெரியும். நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிய வேண்டும், வாடிக்கையாளர் யார் என்று ஆதாரம் வாங்க வேண்டும். வாங்குகிறவன் யார் என்று விற்பவர் தெரிந்துகொள்வதற்கு விதி வந்தாயிற்று. விற்பவர் யார் என்று வாங்குகிறவன் தெரிந்துகொள்வதற்கு வரவில்லை.

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி முன்னே போனது. வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளத்தில் 2024 ஜூலையில் நடந்த 23 கோடி டாலர் திருட்டுக்குப் பிறகு, முடக்கப்பட்ட தன் எக்ஸ்.ஆர்.பி. காயின்களுக்காகச் சென்னையிலிருந்து ஒரு முதலீட்டாளர் வழக்குப் போட்டிருந்தார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்து, ஒருவர் வைத்துக்கொண்டு அனுபவிக்கக்கூடியது, இன்னொருவருக்காக நம்பிக்கையின் பேரில் காக்கக்கூடியது என்று தீர்ப்பெழுதினார். சொத்து என்று ஆகிவிட்டது. வில்லங்கம் பார்க்க மட்டும் அலுவலகம் இல்லை.

டோக்கனுக்குப் புதுச் சட்டம் வருகிறவரை காத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தேக்கில் எழுதிய 11ஏஏ பிரிவின் நான்கு அடையாளங்களையும் ஆள் சேர்த்து விற்கிற காயின் ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். பலர் பணம் சேர்கிறது, லாபத்துக்காகப் போடுகிறார்கள், நடத்துகிறவர் வேறு, போட்டவருக்குப் பிடி இல்லை. செபி இதை வாய்விட்டுச் சொன்னாலே பாதி வேலை முடியும் என்பது என் கணிப்பு. எல்லா டோக்கனும் இதற்குள் வராது. பிட்காயினை யாரும் நிர்வகிப்பதில்லை, அது வராது. ஓட்டலில் மேடை போட்டு விற்கிற காயின் வரும்.

காகிதம் எந்த மொழியில் என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும். இன்று தமிழ்நாட்டில் பதிவான ஒரு கம்பெனி ஐபிஓவுக்கு வந்தால், ஆங்கில, இந்தி நாளிதழோடு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் கொடுத்தாக வேண்டும் என்பது செபியின் விதி. காலைப் பேப்பரில் பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் வருகிறதே, அதுதான். அவ்வளவு பொடி எழுத்து டோக்கனுக்கு வேண்டாம். ஒரே பக்கம் போதும், தமிழில். விற்பவரின் பெயர், அலுவலக முகவரி, பதிவு எண். மொத்தம் எத்தனை டோக்கன், அதில் நடத்துகிறவர்களும் உறவினர்களும் வைத்திருப்பது எத்தனை, அதை எந்தத் தேதிக்குப் பிறகு விற்கலாம். திரளுகிற பணம் எந்த வங்கியில் அல்லது எந்த வாலட்டில் இருக்கும், அதை நகர்த்த எத்தனை பேர் கையெழுத்து வேண்டும். ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டா, எவ்வளவு. மேடைக்கு வருகிற நட்சத்திரத்துக்குக் கொடுத்தது எவ்வளவு. பரிசாகக் கொடுக்கிற கார் எந்தப் பணத்தில் வாங்கியது. கடைசி வரியில், இதில் ஏதாவது பொய் என்றால் என் சொத்திலிருந்து ஈடுகட்டுவேன் என்று ஒருவர் பெயரோடு போடுகிற கையெழுத்து. கோவையில் நடக்கட்டும், மாமல்லபுரத்தில் நடக்கட்டும், இந்தப் பக்கத்தை வாசலில் ஒட்டாமல் மேடை போடக் கூடாது என்று விதி வர வேண்டும்.